பழம் என்றுதான் சொன்னாள்

2024 மே 8

காலையில் வலைக்கொட்டகையைத் திறந்தால் தரையெல்லாம் ஆர்க்கிட் பூ. வாடிய பூ இல்லை. நேற்று மலர்ந்தவை. வெள்ளை வெளேரென்று கிடக்கின்றன. எடுத்துத் தொட்டால் இதழ் இன்னும் விறைப்பாக இருக்கிறது. செடியில் வெறும் காம்பு நிற்கிறது. புழு இல்லை, பூச்சி இல்லை. யாரோ கிள்ளிப் போட்ட மாதிரி.

பானு நடமாடிக்கொண்டிருந்தவரை இப்படி உதிர்ந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் நான் அந்தப் பக்கம் போனதே குறைவு. இந்த மலையில் விளைகிற பலாப்பழம், சோளக்காட்டுச் சந்தை, லாரி, இதுதான் என் பாடு. ஆர்க்கிட் அவள் பாடு. பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்து, மண்ணே இல்லாமல் தேங்காய் மட்டையிலும் கரித்துண்டிலும் பூ வளர்க்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது நான் சிரித்தேன். சில வருஷங்களிலேயே நாமக்கல், சேலம் கல்யாண மேடைகளுக்கெல்லாம் அவள் பூ போனது.

சித்திரை பிறந்த கையோடு பக்கவாதம் அடித்து அடுப்படியில் விழுந்தாள். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு அடியோடு போய்விட்டது. நாம் பேசுவது அவளுக்குப் புரிகிறது, வார்த்தைதான் வெளியே வர மறுக்கிறது என்றார் டாக்டர்.

ஆவணியில் மகள் அருள்மொழிக்குக் கல்யாணம். மேடை முழுக்கத் தன் பூதான் இருக்க வேண்டும் என்று நிச்சயத்தன்றே பானு எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். இப்போது அது என் பொறுப்பு.

எப்படிச் செய்யப் போகிறேன்?

மே 11

இன்றைக்கும். மொட்டும் சேர்ந்து விழுகிறது.

மே 13

தண்ணீர் போதவில்லையோ என்று இரண்டு வேளையும் விடுகிறேன். பூ மேலெல்லாம் படும்படி நன்றாகத் தெளித்தேன். கோடைமழைச் சாரல் அடிக்கிறதே என்று, சுருட்டிக் கட்டியிருந்த பிளாஸ்டிக் படுதாவைச் சுற்றிலும் இறக்கிவிட்டேன். குளிர்காற்று புகாமல் கதகதப்பாக இருக்கட்டும். போன மாதம் அடித்த காற்றில் பழ ஷெட்டின் தகரம் பறந்துவிட்டதால், பழுக்கிற பலாவையும் வாழைத்தாரையும் இந்தப் பூக்கொட்டகையிலேதான் ஓரமாக அடுக்கியிருக்கிறேன். உள்ளே நுழைந்தாலே கமகமவென்று வாசம்.

பானுவைக் குளிப்பாட்ட வரும் பாப்பாத்தி எட்டிப் பார்த்தாள்.

"கண்ணு பட்டிருக்குதுங்கண்ணா. அண்ணி விழுந்தாங்க, இப்பப் பூவும் விழுகுது. சாம்பிராணி போடோணும்."

அவளே தணல் கொண்டுவந்து கொட்டகை முழுக்கப் புகை போட்டாள்.

மே 14

நேற்றைவிட அதிகம் உதிர்ந்திருக்கிறது.

மே 17

பானு பேசினாள்!

சக்கர நாற்காலி ஒன்று இரவல் கிடைத்தது. செடிகளைப் பார்த்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்குமே என்று தள்ளிக்கொண்டு போனேன். வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள். உள்ளே போனதும் தரையில் கிடந்த பூக்களைப் பார்த்தாள். முகம் என்னவோ மாதிரி ஆகிவிட்டது. கூட்டி வந்திருக்கக் கூடாதோ என்று நாற்காலியைத் திருப்பினேன். இடது கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. கண்ணைச் சுழற்றிச் சுழற்றித் தேடினாள். பலா அடுக்கி வைத்திருந்த மூலையைப் பார்த்ததும் கையை நீட்டினாள். உதடு நடுங்கியது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது.

"ப... ப... பழம்."

என் காதையே நம்ப முடியவில்லை. "என்னது சாமி? இன்னொருக்கா சொல்லு" என்றேன். "பழம்" என்றாள். "பழம், பழம்."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அங்கேயே ஒரு பழத்தைப் பிளந்து சுளை எடுத்துக் கொட்டையை நீக்கிவிட்டு, விரலால் நசுக்கி வாயில் வைத்தேன். சர்க்கரை வியாதி இருக்கிறது, பலா கூடாதுதான். விழுந்த பிறகு முதல்முதலாக வாய் திறந்து ஒன்று கேட்கிறாள், எப்படி இல்லை என்பது?

தலையைத் திருப்பிக்கொண்டாள். பேசிய களைப்பாக இருக்கும்.

மே 18

கோயம்புத்தூருக்கு போன் போட்டு அருள்மொழியைக் கேட்க வைத்தேன். பானு "பழம்" என்றதும் அந்தப் பக்கம் ஒரே அழுகை. "அம்மா, எல்லாச் சொல்லும் ஒவ்வொண்ணா வந்துரும்மா, பாருங்க" என்றாள்.

பானு போனையே பார்த்துக்கொண்டு மறுபடியும் மறுபடியும் அதையே சொன்னாள்.

மே 22

இன்றைக்கு அவளைத் திட்டிவிட்டேன்.

பலாச்சுளை கொடுத்தால் துப்புகிறாள். சரி, வாழைப்பழம் கேட்கிறாளோ என்று கொடுத்தால் தட்டிவிடுகிறாள். மாம்பழம் வாங்கி வந்து நறுக்கிக் கொடுத்தேன், தட்டோடு கீழே தள்ளினாள். தள்ளிவிட்டு மறுபடியும் "பழம்" என்கிறாள். என்னதான் பண்றது நான்? "பழந்தான கேட்ட? இதென்ன, கல்லா?" என்று கத்திவிட்டேன். ஒரு பக்கம் பூ கொட்டுது, ஒரு பக்கம் இவ. எத்தனைதான் பார்க்கறது ஒருத்தனே!

அவள் கத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. ஆள் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டவள் மாதிரி.

மே 23

மன்னிப்புக் கேட்டேன். சுவர் பக்கம் திரும்பியே படுத்திருந்தாள்.

ஜூன் 1

அருள்மொழி வந்துவிட்டுப் போனாள். அம்மா பழம் கேட்கிறாள் என்று கூடை நிறைய ஆப்பிளும் ஆரஞ்சும். பார்க்க வருகிற எல்லோருமே இப்போது பழத்தோடுதான் வருகிறார்கள். கூடையைக் கண்டதும் பானு கண்ணை மூடிக்கொண்டாள்.

போகும்போது அருள்மொழி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அப்பா, பூவை நெனச்சு நீங்க ஒடம்பைக் கெடுத்துக்காதீங்க. ஓசூர்ல இருந்து வரவழைச்சுக்கலாம். அம்மாகிட்டச் சொல்ல வேண்டாம்."

சரி என்றேன். வேறென்ன சொல்வது? கொட்டகையில் ஒரு கொத்துகூட உருப்படியாக இல்லை.

ஜூன் 4

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

கல்யாண மேடை அலங்கரிக்கும் முரளி வந்திருந்தான். நாமக்கல்காரன், பல வருஷமாகப் பானுவிடம் பூ வாங்குகிறவன். அவளைப் பார்த்துப் பேசிவிட்டு, "பூவை ஒரு கண்ணு பாத்துட்டு வந்தர்றங்கண்ணா" என்று கொட்டகைக்கு வந்தான். படுதாவைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏனுங்கண்ணா, பழத்தை எதுக்குங்க இங்க வெச்சிருக்கறீங்க?"

ஷெட்டுத் தகரம் போன கதையைச் சொன்னேன். அவன் அதைக் கேட்கவே இல்லை.

"அக்கா சொல்லலீங்களா? எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவங்கதானுங்க. ஒருக்கா மண்டபத்துக்கு வாழைத்தாரையும் பூவையும் ஒரே வண்டியில ஏத்திட்டுப் போனேன். போய்ச் சேர்றதுக்குள்ள பூவெல்லாம் கொட்டிப்போச்சு. அக்கா என்னைய வெளுத்து வாங்கிட்டாங்க. பழுக்கற பழம் ஒரு காத்து விடும், கண்ணுக்குத் தெரியாது, அது பட்டா நேத்து மலர்ந்த பூகூடத் தனக்கு வயசாயிருச்சுன்னு நெனச்சுக் காம்பை விட்ரும்னாங்க. படுதாவை வேற மூடி வெச்சிருக்கறீங்க. அந்தக் காத்து எங்கீங்க போகும்?"

சாம்பிராணி போட்டதைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டான். "புகையும் அதே வேலையைத்தான் பண்ணுமுங்க."

அதற்குமேல் அவன் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

பழம் என்றுதான் சொன்னாள். பசிக்கிறது என்று அவள் சொல்லவே இல்லையே. கையை நீட்டி, இடத்தைக் காட்டி, உள்ளே மிஞ்சியிருந்த ஒரே ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தாள். நான் சுளையை நசுக்கி அந்த வாயை அடைத்தேன்.

ஜூன் 5

அவளிடம் சொன்னேன். முரளியோடு சேர்ந்து நேற்றே பழத்தையெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டேன். படுதாவைச் சுருட்டிக் கட்டியாயிற்று. காலையில் கஞ்சி கொடுத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"பழத்தை எடுத்துட்டேன் பானு. அதைத்தான சொன்ன நீ?"

என் முகத்தையே பார்த்தாள். பிறகு இடது கையால் என் தோளில் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். வலிக்கிற அளவுக்கு அதில் பலம் இல்லை. அடித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, சத்தம் போட்டுச் சிரித்தாள். பேச்சு போனாலும் சிரிப்பு போகவில்லை. அது அதே சிரிப்புதான்.

அடித்த இடத்திலேயே கையை வைத்துக்கொண்டிருந்தாள், வெகுநேரம்.

ஜூன் 14

பழைய மொட்டுகள் இன்னும் கொஞ்சம் விழுகின்றன. பட்ட பாடு பட்டதுதான். புதுக்கொத்தில் ஒன்றும் விழவில்லை.

தினமும் காலையில் அவளைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போகிறேன். பூ மேல் தண்ணீர் தெளித்தேன், சக்கரத்தைத் தட்டினாள். வேரில் விட்டேன், தலையாட்டினாள். சட்டைப் பையில் பீடிக்கட்டு இருந்தது. அதைக் காட்டி முறைத்தாள். கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 23

ஒரு செடியில் ஒரே ஒரு பூ மட்டும் துவண்டிருந்தது. பக்கத்துப் பூவெல்லாம் நன்றாக இருந்தது. பழமும் இல்லை, புகையும் இல்லை, இது ஏன் என்று கேட்டேன். உதட்டைக் குவித்து "ம்ம்ம்" என்று நீளமாக ஒரு சத்தம் போட்டாள். எனக்கு விளங்கவில்லை. கோபப்படாமல் இன்னொரு தரம் செய்தாள், இந்தத் தடவை விரலைக் காற்றில் சுழற்றிக்கொண்டுவந்து பூவின் நடுவில் வைத்தாள்.

"வண்டா?"

ஆமாம் என்று கண்ணை மூடித் திறந்தாள். வண்டு வந்து மகரந்தம் சேர்த்துவிட்டால் அந்தப் பூவின் வேலை முடிந்தது. அப்புறம் அது மினுக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

நாங்கள் இரண்டு பேரும் கல்யாணம் ஆன புதிதில்கூட இவ்வளவு பேசியிருப்போமா தெரியவில்லை.

ஜூலை 9

பூ வெட்டப் பழகினேன். கொத்தின் அடியில் இருக்கிற பூக்கள் மலர்ந்து, நுனியில் மட்டும் மொட்டு இருக்கிற சமயம் பார்த்து, வெயில் ஏறுவதற்கு முன்னால் வெட்ட வேண்டும். முதல் காம்பை நேராக வெட்டினேன். அவள் என் கையிலிருந்த கத்தியைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினாள். வெட்டினதும் வாளித் தண்ணீருக்குள் அமுக்கி அடியில் இன்னொரு வெட்டு. பிறகு நிழலான இடம், தினமும் புதுத் தண்ணீர். வெட்டிய கொத்தை அவள் படுக்கைக்கு எதிரே ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 24

ஜன்னலில் வைத்த கொத்து இன்னும் அப்படியே இருக்கிறது. ஓசூர்ப் பூ வேண்டாம் என்று அருள்மொழியிடம் சொல்லிவிட்டேன். பானு பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியில் பூ வாங்க ஏற்பாடு நடந்தது இப்போதுதான் அவளுக்குத் தெரியும். முறைத்தாள்.

ஆகஸ்ட் 2

கொட்டகை முழுக்க மொட்டு. அடிப்பூக்கள் விரிய ஆரம்பித்துவிட்டன, ஆவணி முகூர்த்தத்துக்கு அளவெடுத்தது போல முழுசாக நிற்கும். மாலையில் பானு, கல்யாணத்துக்குத் தான் கட்டப்போகிற புடவையை எடுக்கச் சொன்னாள், அதாவது பீரோவைக் காட்டினாள். எந்தப் புடவை என்று நான் கண்டுபிடிக்கப் பீரோவையே காலி பண்ண வேண்டியதாயிற்று. அரக்குப் பட்டு.

நாளை ஆடிப் பதினெட்டு, மலையில் திருவிழா. இப்போதே ரோடெல்லாம் வண்டி.

ஆகஸ்ட் 8

பானு போய்விட்டாள். ஐந்து நாள் ஆகிறது.

ஆகஸ்ட் 10

ஆடிப் பதினெட்டு அன்று காலையில் பாப்பாத்தி குளிப்பாட்டி முடித்துத் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது பானுவின் கண் ஒரு பக்கமாகச் சொருகியது. "அண்ணா, ஓடியாங்க, அண்ணியப் பாருங்க" என்று பாப்பாத்தி கத்தினாள். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. மலை இறங்குகிற வழியில்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் மேலே வருகிற கார்கள் நின்றன. திருவிழாவுக்கு வருகிற ஜனம். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, ஒதுங்க இடம் இருந்தால்தானே ஒதுங்குவார்கள். டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கெஞ்சினார். சிலபேர் இறங்கிவந்து கார்களைப் பின்னால் நகர்த்தினார்கள்.

நான் அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் விரல் என் உள்ளங்கையை அழுத்திக்கொண்டே இருந்தது. அடிவாரத்துக்கு வருவதற்கு முன்னாலேயே அழுத்துவது நின்றுபோனது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் பிடித்துக்கொண்டே போனேன்.

நான் கொடுத்த அந்தப் பலாச்சுளை ஏதாவது பண்ணியிருக்குமா? டாக்டரிடம் கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அது கொடுத்து எத்தனை மாதம் ஆகிறது என்றார். ஆனாலும்.

ஆகஸ்ட் 11

நேற்று எழுத முடியாமல் விட்டதை எழுதுகிறேன்.

மறுநாள் எங்கள் காட்டிலேயே அடக்கம் செய்தோம். ரோஜா மாலை, செவ்வந்தி மாலை, சம்பங்கி மாலை. வந்தவர்கள் கொண்டுவந்த மாலை அவள் முகமே தெரியாத அளவுக்கு. அரக்குப் பட்டை மறக்காமல் எடுத்துக் கட்டினார்கள்.

எல்லோரும் போன பிறகு, செடிக்குத் தண்ணீர் விட்டே நாளாயிற்றே என்று கொட்டகைக்குப் போனேன். கதவைத் திறந்தேன்.

முழுக்க மலர்ந்து நின்றது. அடியிலிருந்து நுனிவரை. தரையில் ஒரு பூ கிடையாது.

ஒருத்தருக்கும் தோணலை. அருள்மொழிக்குத் தோணலை, முரளி வந்திருந்தான், அவனுக்கும் தோணலை. எனக்குத் தோணியிருக்கோணும் இல்லையா? எனக்குமா தோணாமப் போச்சு? பத்தடி தூரத்துல பூ நிக்குது, அவ பூ, ஊரெல்லாம் கொண்டுவந்த மாலையைப் போட்டு அனுப்பி வெச்சுட்டேனே பானு.

செப்டம்பர் 3

காரியம் எல்லாம் முடிந்துவிட்டது. கல்யாணத்தைத் தைக்கு மாற்றியிருக்கிறோம். மாப்பிள்ளை சதீஷ்குமார் நல்ல பையன். "எப்ப வெச்சாலும் சரிங்க மாமா, நீங்க மொதல்ல சாப்பிடுங்க" என்றான்.

பூ இன்னும் நிற்கிறது.

செப்டம்பர் 12

உதிர ஆரம்பித்திருக்கிறது. இது வேறு உதிர்வு. இதழ் மெலிந்து, கண்ணாடித்தாள் மாதிரியாகி, தன்பாட்டுக்கு விழுகிறது. பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் செய்யவில்லை.

செப்டம்பர் 15

அருள்மொழி கேட்டாள்: "அம்மா மொட்டாப் பார்த்த பூ ஒண்ணு எனக்கு வேணும்ப்பா. காயாம வெக்க முடியுமா?"

காயாமல் வைக்க முடியாது கண்ணு, காய வைத்துத்தான் வைக்க முடியும் என்றேன். ஆற்றுமணலைச் சலித்து, வறுத்து, ஆறவைத்தேன். பூவை டப்பாவில் மல்லாக்க வைத்து இதழ் மடங்காமல் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி மூடினேன். இதைப் பானு காட்டித்தரவில்லை. முரளி போனில் சொன்னான்.

செப்டம்பர் 22

அவசரப்பட்டுத் திறந்தேன். இதழ் உடைந்துவிட்டது. இன்னொன்று வைத்தேன்.

அக்டோபர் 6

இந்தத் தடவை வந்தது. வெள்ளை கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறது, வடிவம் மாறவில்லை. மூச்சுப் பட்டால் உடைந்துவிடுமோ என்று பயம். மூடிபோட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து அருள்மொழியிடம் கொடுத்தேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள்.

2025 பிப்ரவரி 9

நாளை ராசிபுரத்தில் கல்யாணம். பூவெல்லாம் நானே வெட்டி, ஈரத்துணி சுற்றி, தனி வண்டியில் இறக்கிவிட்டேன். சீர்வரிசைப் பழத்தட்டுகள் வேறு வண்டியில். மேடையில் முரளியோடு சேர்ந்து நானும் பூ குத்தினேன்.

பிப்ரவரி 10

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

மனைவி இல்லாதவன் தாரை வார்க்கக் கூடாது என்றார்கள். என் அண்ணன் குழந்தைசாமியும் அண்ணியும் உட்கார்ந்து செய்து கொடுத்தார்கள். அண்ணனுக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. நான் மேடைக்குப் பக்கவாட்டில் பூவோடு பூவாக நின்றுகொண்டேன். அருள்மொழி தாலி ஏறினதும் நிமிர்ந்து என்னைத் தேடினாள். கையைத் தூக்கிக் காட்டினேன்.

பிப்ரவரி 14

மண்டபத்து மேனேஜர் போன் செய்தார்.

"ஏனுங்க, உங்க மேடைப்பூ இன்னும் புதுசாட்டவே நிக்குதுங்க. நாளைக்கு ஒரு காதுகுத்து. அவங்க அப்படியே வெச்சுக்கலாமான்னு கேக்கறாங்க."

வைத்துக்கொள்ளட்டும் என்றேன். காதுகுத்து வீட்டு அம்மா ஒருவர் போனை வாங்கினார். நாகலட்சுமி என்று பேர் சொன்னார். அவர் வீட்டிலும் தொட்டியில் ஆர்க்கிட் வைத்திருக்கிறாராம், மொட்டுவிட்டு மொட்டுவிட்டு உதிர்ந்துபோகிறதாம்.

"இதை வளர்த்தது உங்க ஊட்டுக்காரம்மாதான்னு மேனேஜர் சொன்னாருங்க. அவங்ககிட்டக் கொஞ்சம் போனைக் குடுக்கறீங்களா?"

"அவங்களால பேச முடியாதுங்க. என்கிட்டயே கேளுங்க."

கேட்டார். தண்ணீர், வெயில், உரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒன்றே ஒன்றுதான் திருப்பிக் கேட்டேன். "தொட்டிக்குப் பக்கத்துல பழக்கூடை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஆமாங்க. சாப்பாட்டு மேசை மேல. அதெப்படீங்க தெரியும்?"

சொன்னேன். பழம் விடுகிற காற்றைச் சொன்னேன். புகையைச் சொன்னேன், வண்டைச் சொன்னேன், கத்தியைச் சாய்த்துப் பிடிப்பதைச் சொன்னேன். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் "அப்படீங்களா, அப்படீங்களா" என்று கேட்டுக்கொண்டார்.

"ரொம்ப சந்தோசமுங்க. உங்க ஊட்ல நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லிருங்க."

சொல்லிடறேங்க என்றேன்.